நெடும்பயணத்தில் பிளக்-இன் ஹைபிரிட் காரின் சார்ஜை எங்கே செலவழிப்பது?

மொத்தம் 400 கி.மீ. பயணம்: முதல் 15 கி.மீ. நகரத் தெருக்கள், பிறகு 350 கி.மீ. நெடுஞ்சாலை, அதன்பின் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும் 25 கி.மீ. மலைப்பாதை, கடைசியாக மேலே உள்ள சிற்றூரில் 10 கி.மீ. சென்று சேரும் வீட்டில் காரைச் செருகி வைக்க வசதி உண்டு. உங்கள் பிளக்-இன் ஹைபிரிட், பிளக்கில் சார்ஜ் ஏற்றிய மின்சாரத்திலும் பெட்ரோல் இன்ஜினிலும் ஓடக்கூடியது; புறப்படும்போது பேட்டரி முழுமையாக இருக்கும். வழி நெடுக, இன்ஜினைக் கொண்டு பேட்டரியை நிரப்பும் ‘சார்ஜ்’ பொத்தானை அழுத்தி அதை முழுமையாகவே காப்பாற்றிக்கொண்டு போவது நல்லதா, அல்லது கார் தன் போக்கில் முதல் அறுபது, எழுபது கிலோமீட்டரிலேயே அதைத் தீர்த்துவிட அனுமதிக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

இரண்டையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆனால் இந்த இரண்டில் எது குறைந்த தவறு என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன். முதலில் அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

400 கி.மீ. பயணத்தில் பேட்டரியில் உள்ள மின்சாரம் எப்படியும் போதாது. மின்கணக்கில் யூனிட் என்று சொல்கிறோமே, அந்தக் கிலோவாட் மணியில் உங்கள் காரின் பேட்டரியில் பயன்படக்கூடியது 12 என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிதானமான நகர ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட்டும், மணிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான நெடுஞ்சாலை வேகத்தில் 20 யூனிட்டும் கேட்கும். ஆக 12 யூனிட் என்பது அறுபதிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கான மூலதனம். மீதி முழுவதும் பெட்ரோல்தான். எனவே சேரும் இடத்தில் மறுபடி சார்ஜ் செய்துகொள்ள முடியுமானால், வழியில் எங்கேயாவது இந்த 12 யூனிட்டும் செலவாகிவிட வேண்டும். எங்கே செலவாகிறது என்பது இரண்டாவது கேள்வி. செலவாகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உண்மையான நட்டம்.

நான் இதை அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். இந்த வகைக் காரில் நான் போன முதல் நெடும்பயணத்தில், பின்னால் எதற்காவது தேவைப்படும் என்று பொத்தானை அழுத்திவிட்டுப் பேட்டரியைத் தொடவே இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது திரையில் 62 சதவீதம் காட்டியது. இரண்டடி தூரத்தில் சுவரில் பிளக் இருந்தது. கணக்குப் பார்த்தால், மீந்த ஏழெட்டு யூனிட் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. ஓட்டியிருக்கும்; அந்தத் தூரத்துக்கு எரிந்த பெட்ரோல் 2.4 லிட்டர். சிக்கனம் என்று நினைத்துச் செய்த ஊதாரித்தனம் அது. சேரும் இடத்தில் சார்ஜ் வசதி இல்லை, அங்கே இரண்டு நாள் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது மீதம் வைத்துக்கொண்டு போவது முற்றிலும் நியாயமானது.

இனி ‘சார்ஜ்’ பொத்தானுக்கு வருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நல்ல இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கை, அல்லது அதற்குச் சற்று மேல், சுழற்சியாக மாற்றும். மீதி சூடாகப் போய்விடும். அந்தச் சுழற்சியை ஜெனரேட்டர் மின்சாரமாக்கி, இன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரிக்குள் அனுப்பி, பிறகு அதே வழியாக வெளியே எடுத்து மோட்டாரைச் சுழற்றும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவு ஏற்படுகிறது. முடிவில் பேட்டரியில் ஒரு யூனிட் சேர்க்க 0.38 லிட்டர் அளவுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். பத்து யூனிட் சேர்த்தால் 3.8 லிட்டர். அந்தப் பத்து யூனிட்டில் நகரத்துக்குள் 70 கி.மீ. போகலாம், ஆனால் அதே 70 கிலோமீட்டரை, இன்ஜினும் மோட்டாரும் மாறிமாறி வேலை செய்யும் சாதாரண ஹைபிரிட் ஓட்டத்திலேயே கடந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே 3.8 லிட்டர்தான் ஆகியிருக்கும். பேட்டரி திரையில் நிரம்புவதைப் பார்க்க மனத்துக்கு இதமாக இருக்கிறதே தவிர, கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் அப்படிச் சேர்த்து நெடுஞ்சாலையிலேயே செலவழித்தாலோ, போட்ட பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வீண்.

அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இன்ஜினை இயக்க அனுமதியில்லாத பகுதிக்குள் நுழையப் போகிறீர்கள், பேட்டரி காலி என்றால் அது கைகொடுக்கும். மிட்சுபிஷி அவுட்லேண்டர் போல 1500 வாட் வரை வெளியே மின்சாரம் தரும் கார்களில், இரவில் ஏதாவது கருவியை இயக்க வேண்டுமானால் முன்கூட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால், அது இருப்பதை மறந்துவிடலாம்.

நீங்கள் அழுத்த வேண்டியது வேறு பொத்தான். இருக்கும் சார்ஜை அப்படியே நிறுத்தி வைத்து, இன்ஜினை முதன்மையாகக் கொண்டு ஓடும் முறை அது. அவுட்லேண்டரில் அதன் பெயர் ‘சேவ்’, வோல்வோவில் ‘ஹோல்ட்’, ஃபோர்டில் ‘இ.வி. லேட்டர்’. டொயோட்டாவில் இ.வி. என்ற மின்சார ஓட்டத்திலிருந்து எச்.வி. என்ற ஹைபிரிட் ஓட்டத்துக்கு மாற்றும் பொத்தானே இந்த வேலையைச் செய்கிறது. அதே பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ‘சார்ஜ்’ முறைக்குப் போய்விடும் என்பதால் பலர் அறியாமலேயே அதில் சிக்கிக்கொள்கிறார்கள். நிறுத்தி வைத்தாலும் சதவீதம் ஆணியடித்தாற்போல் நிற்காது. ஏற்றத்தில் இரண்டு குறையும், இறக்கத்தில் இரண்டு கூடும். சாதாரண ஹைபிரிட் காரின் பேட்டரி செய்கிற வேலையை அந்தச் சிறு அலைவுக்குள் அது செய்துகொண்டிருக்கிறது.

சரி, நிறுத்தி வைத்து எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? இங்கே பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரு முனையிலும் தலா 20 கி.மீ. நகரமும் நடுவே 260 கி.மீ. நெடுஞ்சாலையும் கொண்ட சமதளப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலிலேயே பேட்டரியைத் தீர்த்துவிட்டால், முதல் நகரமும் நெடுஞ்சாலையில் 46 கிலோமீட்டரும் மின்சாரத்தில் போகும், 214 கி.மீ. நெடுஞ்சாலைக்கும் கடைசி நகரத்துக்கும் பெட்ரோல். நெடுஞ்சாலையில் நூறுக்கு 6 லிட்டர், நகரத்தில் நூறுக்கு 5.5 லிட்டர் என்றால் மொத்தம் சுமார் 13.9 லிட்டர். இரண்டு நகரங்களையும் மின்சாரத்துக்கு ஒதுக்கி, மீதியை நெடுஞ்சாலையில் செலவழித்தால் 13.7 லிட்டர். வித்தியாசம் ஒரு டம்ளர் பெட்ரோல்தான். காரணம் எளிது: முழுமையான ஹைபிரிட் அமைப்பு உள்ள கார், சார்ஜ் தீர்ந்த பிறகும் நகரத்தில் சிக்கனமாகவே ஓடும்.

ஆனால் எல்லாப் பிளக்-இன் கார்களும் அப்படியல்ல. வழக்கமான இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மோட்டாரைச் செருகிய வடிவமைப்பில், பேட்டரி தீர்ந்ததும் நகர நெரிசலில் நூறுக்கு எட்டொன்பது லிட்டர் குடிக்கிற வண்டிகள் உண்டு. அங்கே இதே கணக்கில் ஏறத்தாழ 0.8 லிட்டர் மிஞ்சும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை, சார்ஜ் தீர்ந்த நிலையில் ஒரு நாள் நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்; அந்த ஒரு எண் உங்களிடம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெட்ரோல் கணக்கு ஒருபுறம் இருக்க, குடியிருப்புத் தெருக்களில் புகையும் ஓசையும் இல்லாமல் போவதற்கென்றே மின்சாரத்தை ஒதுக்குவதை நான் சரியென்றே நினைக்கிறேன்.

ஒப்பீட்டுக்கு இதையும் சொல்கிறேன். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 120 கிலோமீட்டருக்குப் போனால் காற்றின் தடை 44 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் செலவு ஐந்தில் ஒரு பங்காவது ஏறும். உங்கள் 350 கி.மீ. நெடுஞ்சாலையில் அது நான்கு லிட்டர். பொத்தான்களைப் பற்றி இரவெல்லாம் யோசித்துவிட்டு, சாலையில் 120-ல் பறக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

பொத்தானை அழுத்தும் நேரம்தான் அடுத்தது. காரைத் தன் போக்கில் விட்டால், நெடுஞ்சாலையில் இணைவதற்காக ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்கும் நொடியில்தான் இன்ஜின் முதன்முறையாக உயிர்பெறும். எண்ணெய் குளிர்ந்திருக்கும், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூடு ஏறினால்தான் நச்சுப் புகையைத் தீங்கு குறைந்ததாக மாற்றும், அதுவும் குளிர்ந்திருக்கும், அந்த நிலையில் இன்ஜினிடம் முழு வேலையையும் கேட்கிறோம். அதற்குப் பதிலாக, நெடுஞ்சாலைக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ‘ஹோல்ட்’ முறைக்கு மாற்றிவிட்டால் இன்ஜின் மெதுவாகச் சூடேறித் தயாராகிவிடும். அதன் பிறகு அதை விட்டுவிட்டு எழுப்பாமல் தொடர்ச்சியாக ஓடவிடுவது நல்லது. குளிர்காலமானால் இதில் இன்னொரு லாபம் உண்டு: இன்ஜின் வீணடிக்கும் சூடே காரின் உள்ளறையைச் சூடாக்கிவிடும். மின்சாரத்தில் மட்டும் ஓடும்போது அந்தச் சூட்டுக்காகவே மின்சூடேற்றி நான்கைந்து கிலோவாட் வரை இழுக்கும். ஒரு மணி நேரத்தில் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கோடையின் ஏ.சி. இவ்வளவு பேராசைக்காரன் அல்ல; ஒன்று, ஒன்றரை கிலோவாட்டுக்குள் அடங்கும். எதுவானாலும், புறப்படும் முன் வண்டி பிளக்கில் இருக்கும்போதே உள்ளறையைக் குளிர்வித்தோ சூடாக்கியோ விடுவது பேட்டரியைத் தொடாமல் கிடைக்கும் வசதி.

இப்போது மலைக்கு வருவோம். 1800 கிலோ எடையுள்ள காரை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 4.9 யூனிட் வேண்டும். 25 கிலோமீட்டர் பாதையில் சக்கரங்களின் உராய்வு, காற்று, மோட்டாரின் கழிவு எல்லாவற்றையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து எட்டு யூனிட் அளவுக்கு இறங்கும். இதே ஏற்றத்தை இன்ஜின் மட்டும் இழுத்தால் 2.2 லிட்டர் பெட்ரோல் ஆகும். முன்னே பார்த்த கணக்கில் எட்டு யூனிட்டை நெடுஞ்சாலையில் செலவழித்தால் 2.4 லிட்டர் மிஞ்சுகிறது. ஆகவே, மலைக்குச் சேமித்து வைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்மையல்ல. ஏற்றத்தில் அளவான சுமையோடு இழுக்கும் இன்ஜின் தன் நல்ல நிலையில்தான் வேலை செய்கிறது.

பிறகு ஏன் மலைக்கு மீதம் வைக்க வேண்டும்? வலுவுக்காக. ஆறு சதவீதச் சரிவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏற 24 கிலோவாட் அளவு தொடர்ந்து தேவை. இதை எந்த இன்ஜினும் தனியாகவே தரும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் நின்று எழும்போதும், முன்னே ஊரும் லாரியைத் தாண்டும்போதும் அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். அப்போது பேட்டரி காலியாக இருந்தால் மோட்டாரால் துணைக்கு வர முடியாது. இன்ஜின் அலறும், வண்டி நகராது. இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு பிஎம்டபிள்யூ ஐ3 காரின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வகையே சான்று. அதில் மின்சாரம் தயாரிக்க வைத்திருந்தது 647 சி.சி. ஸ்கூட்டர் இன்ஜின் மட்டுமே. ஐரோப்பாவில் விற்ற வண்டிகளில் சார்ஜை முன்கூட்டியே நிறுத்தி வைக்கும் வசதி இருந்தது. அமெரிக்காவில் விற்றவற்றில், கலிபோர்னியாவின் விதிகளுக்குப் பொருந்துவதற்காக, பேட்டரி ஏறக்குறைய தீரும்போதுதான் அந்தச் சிறு இன்ஜின் எழும். நீண்ட ஏற்றங்களில் வண்டி தளர்ந்து வேகம் இழந்ததாக அங்கே ஓட்டுநர்கள் புகார் கூறினார்கள். வண்டி ஒன்றுதான், நிறுத்தி வைக்கும் வசதி இருந்ததும் இல்லாததுமே வித்தியாசம். 2010-ன் இறுதியில் விற்பனைக்கு வந்த செவர்லே வோல்ட்டில் ‘மவுண்டன் மோட்’ என்று தனியாக ஒரு முறையே வைத்தார்கள். மலை வருவதற்குச் சற்று முன்பே அதைத் தேர்ந்துகொண்டால் பேட்டரியில் பெரிய பகுதியை அது ஏற்றத்துக்கென்று ஒதுக்கிவிடும்.

சாதாரணக் கார்களில் கால் பங்கு சார்ஜ் இருந்தாலே இந்தத் துணைக்குப் போதும். திரையில் பூஜ்யம் காட்டினாலும் பேட்டரி உண்மையில் காலியாவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை வோல்ட்டின் 16 யூனிட் பேட்டரியில் ஓட்டுநருக்குக் கிடைத்தது 10.4 யூனிட் மட்டுமே. மீதி மேலும் கீழும் காப்பு. எனவே சார்ஜைத் தீர்த்தால் பேட்டரி கெட்டுவிடும் என்ற அச்சத்தில் அதைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியதில்லை. அந்தக் காப்பு சிறு ஏற்றங்களுக்கு ஈடுகொடுக்கும், 25 கி.மீ. ஏற்றத்துக்கு அதை நம்ப முடியாது.

மலை உச்சி உங்கள் முடிவிடமாக இல்லாமல், அதைத் தாண்டி மறுபக்கம் இறங்குவதாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்: உச்சியை அடையும்போது பேட்டரி கிட்டத்தட்டக் காலியாக இருக்கட்டும், ஏனென்றால் இறக்கம் அதை ஓரளவு நிரப்பப் போகிறது. உங்களுக்கு உச்சியே வீடு. ஆகவே திட்டம் இப்படி அமைகிறது. முதல் 15 கி.மீ. மின்சாரத்தில் போங்கள், 2 யூனிட் செலவாகும். நெடுஞ்சாலைக்குச் சற்று முன்பு, 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே, நிறுத்தி வையுங்கள். அடிவாரத்தில் மறுபடி விடுவியுங்கள். இன்ஜின் சூடாகவே இருப்பதால், செங்குத்தான இடத்தில் கார் அதை எழுப்பினாலும் பாதகமில்லை. அதைத் தடுக்க முயல வேண்டாம். ஏற்றத்தில் எட்டு, சிற்றூரில் ஒன்றரை என்று கணக்கிட்டால், வாசலை அடையும்போது அரை யூனிட்தான் மிஞ்சும். வழியில் எங்காவது நகரத்துக்குள் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அங்கேயே இரண்டு யூனிட்டை எடுத்துச் செலவழியுங்கள். மலையில் அந்த அளவுக்கு இன்ஜின் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், நட்டமில்லை. வழி தெரிந்ததுதான் என்றாலும் காரின் வழிகாட்டியில் முகவரியை இட்டுவிடுங்கள். முன்னே வரும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் தானாகவே சார்ஜைப் பங்கிடும் மென்பொருள் இப்போது பல மாடல்களில் இருக்கிறது. முகவரி இல்லாமல் அதற்குக் கண் தெரியாது.

இடையில் சார்ஜ் நிலையத்தில் நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை மூன்றரையிலிருந்து ஏழு கிலோவாட்டுக்குள்தான் வாங்கிக்கொள்ளும். முக்கால் மணி நேர ஓய்வில் மூன்றரை கிலோவாட்டில் கிடைப்பது இரண்டரை யூனிட், அதாவது நெடுஞ்சாலையில் 12 கிலோமீட்டர். எப்படியும் நிற்கிறீர்கள், இடமும் காலியாக இருக்கிறது என்றால் செருகுங்கள். முழு மின்கார் ஒன்று காத்திருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, உங்களிடம் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

திரும்பும் பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தவறு அதிகம் நேரும் இடம் அதுதான். மலைமேல் உள்ள வீட்டில் இரவு முழுவதும் செருகி நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், இறக்கம் தரும் மின்சாரத்தைப் போட்டுவைக்கப் பேட்டரியில் இடமிருக்காது. அப்போது கார் வேறு வழியின்றி இன்ஜினைச் சும்மா சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும்; பெட்ரோல் எரியாமலேயே இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பலர் பழுதென்று பயந்துபோகிறார்கள். அதுவும் இல்லாத வண்டியில் வேலை முழுவதும் பிரேக் பட்டைகளின் தலையில் விழும். ஏறும்போது கொடுத்த 4.9 யூனிட்டில், உராய்வும் கழிவும் போக, இறங்கும்போது இரண்டரை யூனிட் அளவு திரும்பக் கிடைக்கும். சிற்றூரின் 10 கி.மீ. தூரத்திலேயே ஒன்றரை யூனிட் இடம் காலியாகிவிடும் என்பதால், உங்களுக்குத் தேவை இன்னும் ஒரு யூனிட் இடம். தோராயமாகச் சொன்னால் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தினால் போதும். குளிர்ந்த காலையில் பேட்டரி உள்வாங்கும் வேகமும் குறையும் என்பதால் நான் 85-ல் நிறுத்துவேன். காரில் இத்தனை சதவீதம் என்று வரம்பு வைக்கும் வசதி இல்லையென்றால் டைமரைப் பயன்படுத்துங்கள்: மூன்றரை கிலோவாட் சார்ஜரில், நிறைவதற்கு அரை மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் ஒன்றே முக்கால் யூனிட் இடம் இருக்கும். மலையிறங்கும்போது, மோட்டாரே வேகத்தைத் தணித்து மின்சாரம் சேர்க்கும் ‘B’ நிலை இருந்தால் கியரை அதில் வைத்து, பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டு வந்தால், அடிவாரத்தில் திரையில் தெரியும் எண் நீங்கள் சிற்றூரின் எல்லையைத் தாண்டியபோது இருந்ததைவிடக் கூடுதலாக இருக்கும்.